கொழுப்புக்கு ஆறு மாசத்துக்கு ஒரு ஜீன் ஊசி வந்தாச்சு, தசைச் சிதைவுக்கு ஏன் இன்னும் வரல?

நல்லம்பள்ளி மாமன் | ஞாயிறு, இரவு 9:10

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் பெரிய பதிவு, பொறுத்துக்குங்க.

என் தங்கச்சி பையனுக்கு ஏழு வயசு. டி.எம்.டி., டூஷென் தசைச் சிதைவு நோய்னு உறுதியாயிடுச்சு. "டிஸ்ட்ரோஃபின் ஜீனில் எக்ஸான் 48 முதல் 50 வரை நீக்கம்"னு ரிப்போர்ட்ல போட்டிருக்கு. டிஸ்ட்ரோஃபின்ங்கறது தசைக்கு வேண்டிய ஒரு புரதமாம், எக்ஸான்ங்கறது ஜீனோட ஒரு துண்டாம். கீழ உட்கார்ந்து களி சாப்பிட்டுட்டு எழுந்திருக்கறப்ப ரெண்டு கையையும் தரையில ஊனி முதல்ல இடுப்பைத் தூக்குவான். அப்புறம் ஒரு கை முட்டியில, இன்னொரு கை தொடையில, தன் கால் மேலயே கைவச்சு ஏறி ஏறித்தான் நிமிருவான். கெண்டைக்கால் ரெண்டும் பருத்து கெட்டியா இருக்கும். பாக்கறவங்க எல்லாம் பையன் திடமா வளர்றான்னாங்க. நம்ம பக்கம் பிள்ளைங்க கால்ல கோளாறுன்னா போர் தண்ணி, ஃப்ளோரைடுன்னுதானே முதல்ல நெனைப்போம்? நாங்க காட்டின இடத்துலயும் அதையே சொல்லி கால்சியம் மாத்திரை எழுதிக் கொடுத்தாங்க. அதுலயே காலம் ஓடிப்போச்சு.

இப்ப கேள்விக்கு வரேன். என் மாமனாருக்கு ஹார்ட் அட்டாக் வந்ததுக்கு அப்புறம் பெங்களூர்ல இன்க்ளிசிரான்னு ஒரு ஊசி போடறாங்க. ஆறு மாசத்துக்கு ஒண்ணு. கல்லீரல்ல ஒரு ஜீனோட வேலையை அடக்கி வைக்குது, அதனால கெட்ட கொழுப்பு பாதியா குறையுதுன்னு டாக்டர் விளக்கிச் சொன்னார். ரத்த ரிப்போர்ட்லயும் குறைஞ்சிருக்கு. கொழுப்புக்கு ஜீன் வரைக்கும் போய் வேலை பார்க்க முடியுதுன்னா, நடை போய்க்கிட்டு இருக்கற பிள்ளைக்கு ஏன் முடியல?

இன்னொண்ணும் இருக்கு. ஒரு ஏஜென்ட் வீட்டுக்கே வந்து, "ஜீன் ஊசியும் ஸ்டெம் செல்லும் சேர்த்துப் போடுவோம், எட்டு லட்சம், பாதி முன்பணம்"னு சொல்லிட்டுப் போயிருக்கார். தங்கச்சி வீட்டுக்காரர் நகையையும் மாந்தோப்பையும் அடமானம் வைக்கத் தயாரா நிக்கறார். புதன்கிழமைக்குள்ள பதில் சொல்லணுமாம். தெரிஞ்சவங்க சொல்லுங்க.


பர்கூர் பார்மசி | இரவு 9:24

அண்ணா, தோப்பையும் வைக்காதீங்க, நகையையும் வைக்காதீங்க. மீதியெல்லாம் பொறுமையா பேசிக்கலாம்.

தசைச் சிதைவுக்கு ஸ்டெம் செல் ஊசி நம்ம நாட்டுல அங்கீகாரம் வாங்கின சிகிச்சை இல்ல. ரத்த நோய்களுக்குச் செய்யற எலும்பு மஜ்ஜை மாற்று மாதிரி சிலதைத் தவிர மத்த எல்லாம் ஆராய்ச்சி நிலையிலதான் இருக்குன்னு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தோட (ஐ.சி.எம்.ஆர்.) 2017 நெறிமுறையிலேயே தெளிவா இருக்கு. ஆராய்ச்சின்னா நோயாளிகிட்ட காசு வாங்கக்கூடாது. அந்த ஏஜென்டுகிட்ட ரெண்டு கேள்வி கேளுங்க. ஊசி மருந்தோட பேர் என்ன? சி.டி.ஆர்.ஐ.ங்கற மருத்துவச் சோதனைப் பதிவேட்டுல பதிவு எண் என்ன? இந்தியாவுல நடக்கற மருத்துவச் சோதனை எதுவா இருந்தாலும் அந்தப் பதிவேட்டுல இருக்கணும், யார் வேணும்னாலும் போனிலேயே தேடிப் பார்க்கலாம்.


காவேரிப்பட்டணத்தான் | இரவு 9:40

உங்க கேள்விக்குப் பதில் ரொம்பச் சுலபம் அண்ணா. ஹார்ட் அட்டாக் கோடிக்கணக்கான பேருக்கு வருது, அதனால கம்பெனிக்காரன் மருந்து கண்டுபிடிக்கறான். பையனுக்கு வந்திருக்கற நோய் சில ஆயிரம் பேருக்குத்தான் வரும், அதனால எவனும் சீந்தறதில்ல. இதுல விஞ்ஞானம் ஒண்ணும் இல்ல, எல்லாம் வியாபாரம்.


இண்டூர் பொண்ணு | இரவு 10:35

மாமா, நான் தர்மபுரி பக்கம் இண்டூர். பெங்களூர்ல பி.எச்.டி. பண்றேன். உங்க மாமனார் ஊசி மாதிரியான மருந்துகளை செல்லுக்குள்ள கொண்டு சேர்க்கறதுதான் என் ஆராய்ச்சி. நீங்க கேட்டிருக்கறது இந்தத் துறையிலேயே பெரிய கேள்வி. அதனால விரிவாவே எழுதறேன்.

முதல்ல காவேரிப்பட்டணத்து அண்ணனுக்கு. நீங்க சொல்றது விலை விஷயத்துல சரி, இந்தக் கேள்விக்குச் சரி இல்ல. இந்த வகை மருந்துல முதல்ல வந்தது கொழுப்புக்கு இல்ல. 2018-ல பாட்டிசிரான் வந்தது. அது ஒரு புரதம் நரம்புல படிஞ்சு கெடுக்கற பரம்பரை நோய்க்கு. 2019-ல போர்ஃபிரியாங்கற பரம்பரை நோய்க்கு ஒண்ணு, 2020-ல சிறுநீரகத்துல ஆக்ஸலேட் கல் சேர்ற ஒரு பரம்பரை நோய்க்கு ஒண்ணு. மூணுமே ரொம்ப அபூர்வமான நோய்கள். கொழுப்புக்கு இன்க்ளிசிரான் வந்தது அதுக்கு அப்புறம்தான். அப்போ இந்த நாலுக்கும் பொதுவா என்ன இருக்கு? நாலுலயும் அடக்க வேண்டிய ஜீன் வேலை செய்யறது கல்லீரல்ல. நோயாளிகள் எத்தனை பேர்ங்கறதை விட, எந்த உறுப்புங்கறதுதான் இங்க முடிவு பண்ணுச்சு.

ஏன் கல்லீரல்? இன்க்ளிசிரான் ஒரு சின்ன ஈரிழை ஆர்.என்.ஏ., அதாவது ஜீன் மாதிரியே எழுத்து எழுத்தா கோத்த சரம். ஒரு இழைக்கு இருபது சொச்சம் எழுத்து. செல்லுக்குள்ள போயிட்டா, கெட்ட கொழுப்பை ரத்தத்துல தங்க வைக்கற பி.சி.எஸ்.கே.9ங்கற புரதத்தோட செய்தியைத் தேடி வெட்டும். இந்த வெட்டற வேலையை 1998-ல ஒரு சின்ன புழுவுல கண்டுபிடிச்சாங்க, ஃபயரும் மெல்லோவும். அதுக்கு 2006-ல நோபல் கொடுத்தாங்க. எட்டு வருஷத்துல நோபல் வந்துடுச்சு, ஆனா முதல் மருந்து வர இருபது வருஷம் ஆச்சு. அந்த இருபது வருஷமும் பெரும்பாலும் ஒரே ஒரு பிரச்சினையிலதான் போச்சு. ஊசியில ஏத்தினதை செல்லுக்குள்ள எப்படிச் சேர்க்கறது?

வெறும் ஆர்.என்.ஏ.வை ரத்தத்துல விட்டா நொதிகள் நிமிஷத்துல நறுக்கிடும். தப்பிச்சதை சிறுநீரகம் வடிகட்டி வெளிய தள்ளிடும். அதையும் தாண்டி செல் வாசலுக்கு வந்தாலும் உள்ள போகாது. ஆர்.என்.ஏ. முழுக்க எதிர் மின்னூட்டம் உள்ளது, செல்லைச் சுத்தியிருக்கறது கொழுப்புச் சவ்வு. ரெண்டும் ஒட்டாது.

இன்க்ளிசிரான்ல என்ன பண்ணியிருக்காங்கன்னா, எழுத்துகளை வேதியியல் முறையில மாத்தி நொதிக்கு அசையாம கெட்டிப்படுத்திட்டாங்க. அப்புறம் ஒரு முனையில கேல்நாக்னு ஒரு சர்க்கரையை மூணா சேர்த்துக் கட்டியிருக்காங்க. கல்லீரல் செல்லோட மேல் அந்தச் சர்க்கரையைப் பிடிச்சு உள்ள இழுக்கற ஏற்பி லட்சக்கணக்குல இருக்கு. ரத்தத்துல வர்ற பழைய புரதங்களைப் பொறுக்கறதுதான் அதோட அன்றாட வேலை. உள்ள விட்டுட்டு மறுபடி மேல வந்து அடுத்ததைப் பிடிக்கும். அதனாலதான் தோலுக்கடியில ஒரு சின்ன ஊசி போட்டா போதும்.

தசை செல்லுல அப்படி ஒரு ஏற்பி, அவ்வளவு எண்ணிக்கையில, அவ்வளவு வேகத்துல இல்ல. இதான் மாமா சுருக்கமான பதில்.


ஓசூர் ஃபார்முலேஷன் | இரவு 11:20

இண்டூர் சகோதரி நல்லா ஆரம்பிச்சு வச்சிருக்காங்க. நான் அத்திப்பள்ளி தாண்டி ஒரு தொழிற்சாலையில லிப்பிட் நானோ துகள், அதாவது மருந்தைப் பொதியற கொழுப்புத் துகள் பிரிவுல இருக்கேன். கல்லீரலுக்கு இன்னொரு வழியும் இருக்கு, அதையும் சொல்லிடறேன்.

பாட்டிசிரான்ல சர்க்கரை கிடையாது. ஆர்.என்.ஏ.வை கொழுப்புத் துகளுக்குள்ள பொதிஞ்சு கொடுக்கறாங்க. கொரோனாவுக்கு வெளிநாட்டுல போட்ட எம்.ஆர்.என்.ஏ. தடுப்பூசிகளும் இதே குடும்பம்தான். நாலு பொருள் சேரும்: அயனியாகக்கூடிய ஒரு கொழுப்பு, ஒரு பாஸ்போலிப்பிட், கொலஸ்ட்ரால், பாலிஎத்திலீன் கிளைக்கால் வால் வச்ச ஒரு கொழுப்பு. இந்த நாலையும் எத்தனால்ல கரைச்சு ஒரு குழாய்ல விடுவோம். அமிலமான நீர்க்கரைசல்ல ஆர்.என்.ஏ. இன்னொரு குழாய்ல வரும். ரெண்டும் நூல் மாதிரி சின்ன பாதையில மோதற இடத்துலயே துகள் உருவாயிடும். வெளிய வர்றப்ப லேசா நீலம் ஓடின வெள்ளையா தெரியும். சரியான அளவுல வந்திருக்குன்னு அந்த நீலத்தைப் பார்த்தே எங்களுக்கு மனசுல பட்டுடும், அப்புறம்தான் மெஷின்ல வச்சு எண்பது நானோமீட்டரா, நூறான்னு உறுதி பண்ணுவோம்.

இந்த நாலுல உயிர் இருக்கறது அந்த அயனியாகற கொழுப்புலதான். ரத்தத்துல பி.எச்.ங்கற அமிலக் கணக்கு 7.4. அங்க அதுக்கு மின்னூட்டம் இல்ல, அதனால உடம்பை உறுத்தாது. செல் அதை ஒரு பைக்குள்ள இழுத்துக்கும், எண்டோசோம்னு பேர். அந்தப் பைக்குள்ள போகப் போக அமிலம் ஏறும். பி.எச். 6 பக்கம் வந்ததும் கொழுப்புக்கு நேர் மின்னூட்டம் வந்து பையோட சவ்வைக் குலைக்கும். அப்பத்தான் ஆர்.என்.ஏ. வெளிய வரும்.

ஆனா எவ்வளவு வெளிய வருதுன்னு கேட்டா வருத்தமா இருக்கும். தர்மபுரி பஸ் ஸ்டாண்டுக்குள்ள பஸ் வந்து நிக்குது, நூறு பேர்ல ஒருத்தர் ரெண்டு பேர்தான் இறங்கறாங்க, மீதிப்பேரை ஏத்திக்கிட்டு பஸ் நேரா உடைக்கற இடத்துக்குப் போகுது. நிலைமை அப்படித்தான். 2013-ல எலக்ட்ரான் நுண்ணோக்கி வச்சு எண்ணிப் பார்த்தவங்க சொன்ன கணக்கும் ஒண்ணுலிருந்து ரெண்டு சதவீதம்தான். மத்தது எல்லாம் செல்லோட குப்பைத் தொட்டியான லைசோசோமுக்குப் போய் கரைஞ்சிடும்.

நரம்பு வழியா ஏத்தினா இந்தத் துகளும் கல்லீரலுக்குத்தான் ஓடும். ரத்தத்துல கலந்ததும் ஏ.பி.ஓ.ஈ.ன்னு ஒரு புரதம் மேல ஒட்டிக்கும். கல்லீரல் அதை கொழுப்புத் துகள்னு எடுத்துக்கும். கல்லீரல் ரத்தக்குழாய் சுவர்ல துகள் நுழையற அளவுக்கு ஓட்டைகள் வேற இருக்கு. தசையில ரத்தக்குழாய் சுவர் நெருக்கமா மூடியிருக்கும்.


பாலக்கோடு பட்டு | திங்கள், காலை 6:05

புழுவுக்குத் தழை போட்டுட்டு வந்து படிச்சேன். எனக்கு ஒரு சந்தேகம். எம்.ஆர்.என்.ஏ. ஊசி நம்ம ஜீனை மாத்திடும்னு எங்க ஊர் குரூப்ல இன்னும் சுத்திக்கிட்டு இருக்கு. இங்க நீங்க சொல்றதைப் பார்த்தா செல்லுக்குள்ள போறதே கஷ்டம்னு தெரியுது. எது நெசம்?


இண்டூர் பொண்ணு | காலை 7:50

எம்.ஆர்.என்.ஏ. வேலை செய்யறது செல்லோட வெளி அறையில, சைட்டோபிளாசத்துல. ஜீன் இருக்கறது உட்கருவுக்குள்ள. அதுக்குள்ள இது போறதில்ல. புரதம் செஞ்சு முடிச்சதும் சில நாள்ல செல்லே அதை உடைச்சிடும்.

டி.என்.ஏ. மருந்துன்னா கதை வேற. அது உட்கரு வரைக்கும் போயே ஆகணும், அதனால இன்னும் கஷ்டம். 2021 ஆகஸ்ட்ல நம்ம நாட்டுல அவசர அனுமதி வாங்கின சைகோவ்-டி உலகத்திலேயே மனுஷனுக்கு வந்த முதல் டி.என்.ஏ. தடுப்பூசி. அதுக்கு ஊசியே கிடையாது, அழுத்தத்தால தோலுக்குள்ள பீய்ச்சற கருவி. மூணு தவணை. உள்ள சேர்க்கறதுக்குத்தான் அந்தப் பாடு. அதுவும் நம்ம குரோமோசோமைத் திருத்தறது இல்ல, தனி வளையமா இருந்து வேலை பார்க்கறது.


காவேரிப்பட்டணத்தான் | காலை 8:15

சரி சகோதரி, உறுப்பு விஷயம் ஏத்துக்கறேன். ஆனா ஒண்ணு கேக்கறேன். சொந்தத்துல கட்டினதாலதானே இந்த மாதிரி நோய் எல்லாம் வருது? நம்ம மாவட்டத்துல அக்கா பொண்ணைக் கட்டறது இன்னிக்கும் நடக்குது. மாமன் வீட்டு உறவா இவங்க?


அரூர் செவிலி | காலை 8:40

இதுக்கு நான் பதில் சொல்றேன், ஏன்னா இந்த ஒரு பேச்சால எத்தனை மருமகளுங்க அழுதிருக்காங்கன்னு வார்டுல பார்த்திருக்கேன்.

டூஷென் நோய் சொந்தத்துல கட்டறதால வர்றதில்ல. அந்த ஜீன் எக்ஸ் குரோமோசோம்ல இருக்கு. ஆம்பளைப் பிள்ளைக்கு எக்ஸ் ஒண்ணுதான், அம்மாகிட்டயிருந்து வர்றது. அதுல கோளாறு இருந்தா நோய் வந்துடும், அப்பா யாரா இருந்தாலும். ஏறக்குறைய மூணுல ஒரு குழந்தைக்கு அம்மாகிட்ட எதுவுமே இல்லாம புதுசா உண்டாகும். யாரையும் குத்தம் சொல்ல இதுல இடமே இல்ல. தண்டுவடத் தசைநார் நலிவு, தலசீமியா இதெல்லாம் வேற. அதுக்கு ரெண்டு பேர்கிட்ட இருந்தும் வரணும், சொந்தத்துல கட்டினா அபாயம் கூடும். ரெண்டையும் குழப்பிக்காதீங்க.

மாமன் அண்ணா, உங்க தங்கச்சிக்கு ரத்தப் பரிசோதனை பண்ணுங்க, எக்ஸான் நீக்கத்தைக் கண்டுபிடிக்கற எம்.எல்.பி.ஏ. டெஸ்ட். வேற தங்கச்சி, அக்கா இருந்தா தங்கச்சி ரிப்போர்ட் வந்த பிறகு அவங்களுக்கும். நீங்க நோய் இல்லாம இருக்கறதால உங்ககிட்ட அந்தக் கோளாறு இல்ல, உங்க பிள்ளைங்களுக்கு உங்க வழியா வராது. தங்கச்சி ரத்தத்துல இல்லேன்னு வந்தாலும், அடுத்த குழந்தை நெனைக்கறப்ப மரபணு ஆலோசகரைப் பாருங்க. சில சமயம் கருமுட்டையில மட்டும் ஒளிஞ்சிருக்கும்.


நல்லம்பள்ளி மாமன் | காலை 9:30

அக்கா, இதை அப்படியே தங்கச்சி மாமியாருக்குப் படிச்சுக் காட்டறேன். ரொம்ப நன்றி.

நேத்து ராத்திரி ஒருத்தர் தனியா மெசேஜ் அனுப்பினார். 48-50 நீக்கம்னா அமெரிக்காவுல அதுக்குன்னே ஒரு மருந்து இருக்கு, எக்ஸான் 51-ஐத் தாண்ட வைக்கும்னு சொன்னார். அது நெசமா? இன்னொருத்தர் வைரஸ்ல ஜீனை வச்சு அனுப்பறாங்க, ஒரே ஊசிதான்னு சொல்றார். இதெல்லாம் பையனுக்கு ஆகுமா?


மத்தூர் வாத்தியார் | காலை 11:05

எக்ஸான் தாண்டல் பற்றி நான் சொல்கிறேன். மேல்நிலை வகுப்புக்கு உயிரியல் நடத்துபவன்.

டிஸ்ட்ரோஃபின் ஜீனில் 79 எக்ஸான்கள். அவை மூன்றெழுத்து மூன்றெழுத்தாக வாசிக்கப்பட வேண்டும். 48, 49, 50 மூன்றும் போய்விட்டதால் 47-க்கு அடுத்து 51 வந்து நிற்கிறது. அந்த இடத்தில் வாசிப்பு ஓரெழுத்து நகர்ந்து போகிறது. அதற்குப் பிறகு வருவதெல்லாம் பொருளற்ற வரிசை, சீக்கிரமே முற்றுப்புள்ளி. புரதம் உருவாவதில்லை. 51-ஐயும் மறைத்துவிட்டால் 47-க்கு அடுத்து 52 வரும். வாசிப்பு மீண்டும் சரியாகிவிடும். நடுவில் ஒரு துண்டு குறைந்த, ஆனால் இரு முனையும் உள்ள புரதம் கிடைக்கும். எட்டெப்லிர்சென் என்ற மருந்து இந்த 51-ஐ மறைக்கும் ஒரு குறுஞ்சரம். 2016 செப்டம்பரில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. உங்கள் மருமகனின் ரிப்போர்ட் அந்த வகையில் வருகிறது என்பது உண்மை.

ஆனால் கணக்கைப் பாருங்கள். இன்க்ளிசிரான் ஒரு தவணை 284 மில்லிகிராம், அதை ஆறு மாதத்துக்கு ஒருமுறை. எட்டெப்லிர்சென் கிலோவுக்கு 30 மில்லிகிராம், அதை வாரா வாரம் நரம்பில் ஏற்ற வேண்டும். 20 கிலோ பையனுக்கு வாரம் 600 மில்லிகிராம், வருடத்துக்கு 31 கிராம். இவ்வளவு ஏற்றியும் 180 வாரத்துக்குப் பிறகு அந்தச் சோதனையில் தசையில் பார்த்த டிஸ்ட்ரோஃபின் சராசரி, நலமான தசையில் இருப்பதில் ஒரு சதவீதத்துக்கும் சற்றுக் குறைவு. இந்த அளவு போதுமா என்று அனுமதியின்போதே பெரிய வாதம் நடந்தது. ஐரோப்பிய மருந்து அமைப்பு 2018-ல் அனுமதி மறுத்துவிட்டது.

சரத்தின் எழுத்து சரியாகத்தான் இருக்கிறது. போய்ச் சேர்வதுதான் இல்லை.


இண்டூர் பொண்ணு | மதியம் 1:30

சார் சொன்னதுக்கு மேல ஒண்ணே ஒண்ணு. அந்தச் சரத்துக்கு மின்னூட்டமே கிடையாது, எதுலயும் ஒட்டாம ஓடும், பெரும்பகுதி சில மணி நேரத்துல சிறுநீர்ல போயிடும். தசைக்குள்ள கொஞ்சமாவது போறதுக்குக் காரணம், நோயால தசைச் சவ்வு ஏற்கெனவே கிழிஞ்சு கிழிஞ்சு இருக்கறது. இதயத்துக்கு அதுவும் இல்ல, ரொம்பவே குறைவாத்தான் போகுது. டூஷென் பிள்ளைங்களுக்குக் கடைசியில இதயம்தான் பிரச்சினைங்கறதால எனக்கு இது பெரிய கவலை.

இப்ப வைரஸ். ஏ.ஏ.வி.ன்னு ஒரு சின்ன வைரஸோட கூட்டுக்குள்ள ஜீனை வச்சு அனுப்பறாங்க. அந்தக் கூட்டுக்குள்ள 4,700 எழுத்துக்கு மேல இடம் இல்ல. டிஸ்ட்ரோஃபின் புரதத்துக்கு வேண்டிய எழுத்து மட்டும் 11,000. அதனால ரொம்ப முக்கியமான துண்டுகளை மட்டும் ஒட்ட வச்சு மைக்ரோ டிஸ்ட்ரோஃபின்னு செஞ்சிருக்காங்க. 2023 ஜூன்ல அமெரிக்காவுல அனுமதி வந்தது. விலை நம்ம பணத்துல 25 கோடிக்கும் மேல.

உடம்பு முழுக்க இருக்கற தசைக்குப் போகணும்னா கிலோவுக்கு நூறு லட்சம் கோடிக்கும் மேல வைரஸ் துகள் ஏத்தணும். அந்தக் கூட்டம் தசைக்கு மட்டும் போறதில்ல. கல்லீரலும் வாரி எடுத்துக்கும். 2025-ல, ஏற்கெனவே சக்கர நாற்காலிக்கு வந்துட்ட பையன்கள் ரெண்டு பேர் இந்த மருந்துக்கு அப்புறம் கல்லீரல் செயலிழந்து இறந்துட்டாங்க. அதுக்குப் பிறகு நடக்க முடியாதவங்களுக்குக் கொடுக்கக் கூடாதுன்னு அனுமதியைச் சுருக்கிட்டாங்க. கூடவே, முன்னாடியே இந்த வைரஸ் பட்டு எதிர்ப்பொருள் இருக்கற பிள்ளைக்குப் போட முடியாது. ஒரு தடவை போட்டா உடம்பு எதிர்ப்பு வளர்த்துக்கும், மறுபடி அதே வைரஸ்ல கொடுக்க முடியாது.


பர்கூர் பார்மசி | மதியம் 2:10

வேலூர்ல ஜீன் சிகிச்சை பண்ணி, ரத்தம் உறையாத ஹீமோஃபீலியா நோய் நின்னுச்சுன்னு கொஞ்ச நாள் முன்னாடி பேப்பர்ல வந்ததே? நம்ம பக்கத்து ஜனங்க எல்லாம் சி.எம்.சி.க்குத்தானே ஓடறோம். அங்க போனா இதுக்கு ஒண்ணும் ஆகாதா?


இண்டூர் பொண்ணு | மதியம் 2:45

அது உண்மைதான், 2024 டிசம்பர்ல வெளியான ஆய்வு. அஞ்சு பேருக்குப் பண்ணாங்க, சிகிச்சைக்கு அப்புறம் அவங்களுக்கு ரத்தக்கசிவு வரல. பெருமையான வேலை. ஆனா அங்க ரத்த மூலச் செல்லை உடம்பைவிட்டு வெளிய எடுத்து, லேப்ல வச்சு ஜீனைச் செலுத்தி, திரும்ப உடம்புக்குள்ள விட்டாங்க. கல்லீரல், சிறுநீரகம், எதிர்ப்பு சக்தின்னு வழியில இருக்கற தடை எதுவும் அப்ப குறுக்க வராது. ரத்தத்துக்கு அது முடியும். தசையை வெளிய எடுத்துத் திருத்தி வைக்க முடியாது இல்லையா.

தண்டுவடத் தசைநார் நலிவுக்கு 2016-ல வந்த நுசினெர்சென்ல வேற வழி. ரத்தத்துல போட்டா மூளைக்கும் தண்டுவடத்துக்கும் போகாதுன்னு, முதுகுல ஊசி போட்டு தண்டுவட நீர்லயே நேரா விடறாங்க. முதல்ல வந்தப்ப ஒரு தவணைக்கு 12 மில்லிகிராம்தான். வேண்டிய இடத்துல நேரா விட முடிஞ்சதால அவ்வளவு சின்ன அளவு போதுது.


ஓசூர் ஃபார்முலேஷன் | மாலை 6:50

அவங்களை ரொம்பப் பயமுறுத்திட்டோமோன்னு தோணுது. நல்லதும் நடந்துக்கிட்டு இருக்கு.

2025-ல அமெரிக்காவுல ஒரு கைக்குழந்தைக்கு, அந்தக் குழந்தையோட ஒரு எழுத்துப் பிழைக்குன்னே ஜீன் திருத்தியைச் செஞ்சு, எங்க லிப்பிட் துகள் மாதிரியே ஒண்ணுல வச்சுக் கொடுத்தாங்க. பிறந்து சில மாசத்துலயே முதல் தவணை. துகளா இருந்ததால வைரஸ் மாதிரி இல்லாம மறுபடியும் மறுபடியும் கொடுக்க முடிஞ்சது. இது சாத்தியம்னு நாலு வருஷம் முன்னாடி யாராவது சொல்லியிருந்தா நம்பியிருக்க மாட்டாங்க.


இண்டூர் பொண்ணு | இரவு 8:20

ஓசூர் அண்ணா, அந்தக் குழந்தைக்கு இருந்ததும் கல்லீரல் நோய்தான். மாமா மறுபடி அதே கேள்வியைக் கேப்பார்.

நம்பிக்கைன்னா நான் வேற இடத்துல பார்க்கறேன். தசைச் செல்லுலயும் ஒரு வாசல் இருக்கு. இரும்புச்சத்தை உள்ள இழுக்கற டிரான்ஸ்ஃபெரின் ஏற்பி. அதைப் பிடிக்கற ஒரு எதிர்ப்பொருளையோ அதோட துண்டையோ செஞ்சு, எக்ஸான் தாண்டற சரத்தை அதுல கட்டி அனுப்பறாங்க. எக்ஸான் 44-க்கும் 51-க்கும் இப்படிச் செஞ்ச மருந்துகள் மனுஷங்ககிட்ட சோதனையில இருக்கு. இதுவரைக்கும் வெளிய வந்த முடிவுல டிஸ்ட்ரோஃபின் அளவு எட்டெப்லிர்சென்ல பார்த்ததை விடப் பல மடங்கு கூட. உங்க பையனோட 48-50 நீக்கம் 51-க்குள்ள வர்றதால இதை நான் குறிப்பா சொல்றேன்.

ஆனா இது முடிஞ்ச கதை இல்ல. இதுக்கு முன்னாடி அதே சரத்தோட ஒரு பெப்டைடை, அதாவது குட்டிப் புரதத் துண்டைக் கட்டி செல்லுக்குள்ள தள்ளிப் பார்த்தாங்க. தசைக்குள்ள நல்லாவே போச்சு. ரத்தத்துல மெக்னீசியம் இறங்க ஆரம்பிச்சது. 2024 நவம்பர்ல அந்த மருந்தையே நிறுத்திட்டாங்க. நல்லா உள்ள போற பொருள், போகக்கூடாத இடத்துக்குள்ளயும் நல்லா போகும்.


ஓசூர் ஃபார்முலேஷன் | இரவு 8:45

நியாயம்தான். கல்லீரலைத் தவிர்த்து துகளைத் தசைக்குத் திருப்பறது எங்ககிட்டயும் இன்னும் தீரலை. ஆனா கொழுப்பை மாத்தி மாத்தி நுரையீரலுக்கும் மண்ணீரலுக்கும் திருப்ப முடியும்னு எலியில காட்டியிருக்காங்க. நான் அதை விடறதா இல்ல.


நல்லம்பள்ளி மாமன் | இரவு 9:30

எல்லாத்தையும் ரெண்டு தடவை படிச்சேன். ஏஜென்டுக்குப் போன் போட்டு மருந்துப் பேரும் பதிவு எண்ணும் கேட்டேன். "அதெல்லாம் டாக்டர்கிட்ட நேர்ல பேசிக்கலாம், முதல்ல பணம் கட்டுங்க"ன்னார். எந்த உறுப்புக்குப் போகும், எப்படிப் போகும்னு இண்டூர் பொண்ணு சொன்னதை வச்சுக் கேட்டேன். "உடம்பு முழுக்கப் போகும்"னுட்டு போனை வச்சுட்டார். தோப்பு அடமானம் இல்லைன்னு மச்சானும் ஒத்துக்கிட்டார்.

இப்ப நான் என்னதான் செய்யறது? புது மருந்து வர்ற வரைக்கும் சும்மா உட்கார்ந்திருக்க மனசு வரல.


அரூர் செவிலி | இரவு 10:00

சும்மா உட்கார வேண்டாம் அண்ணா, நிறைய வேலை இருக்கு. புது மருந்து வர்றப்ப பையன்கிட்ட காப்பாத்த தசை மிச்சம் இருக்கணும். ஒரு தடவை போன தசையை எந்த ஜீன் ஊசியும் திருப்பித் தராது.

ஸ்டீராய்டு ஆரம்பிச்சாச்சான்னு கேளுங்க. டெஃப்ளாசகார்ட் இல்லேன்னா பிரெட்னிசோலோன், வழக்கமா நாலுலிருந்து ஆறு வயசுக்குள்ள தொடங்கறது. நடையை சில வருஷம் தள்ளிக் காப்பாத்தும்னு நல்லா நிரூபிச்ச மருந்து, விலையும் கைக்கு எட்டற விலை. குண்டாகுதுன்னு யாராவது சொன்னா திடீர்னு நிறுத்திடாதீங்க, அது ஆபத்து. தடுப்பூசி எது பாக்கின்னு முன்னாடியே பார்த்துக்குங்க. குதிகால் தசைநாண் இறுகாம இருக்க தினமும் காலை நீட்டி மடக்கற பயிற்சி, ராத்திரி கால் அச்சு. படி இறங்கி ஏறி ஓட விட்டு பலம் வரட்டும்னு பழக்காதீங்க, இந்தத் தசைக்கு அது கெடுதல். வருஷத்துக்கு ஒரு தடவை இதயத்துக்கு எக்கோ ஸ்கேன்.

இதை எழுதி பையில வச்சுக்குங்க: எந்த ஆபரேஷனுக்கும், பல் புடுங்க மயக்க மருந்து கொடுத்தாலும், "டூஷென் நோய் இருக்கு, சக்சினைல்கோலின் போடக்கூடாது"ன்னு முதல்லயே சொல்லணும். அது மயக்கம் கொடுக்கறப்ப தசையைத் தளர்த்தப் போடற மருந்து. சொல்லாம விட்டு இதயம் நின்ன பிள்ளைங்க உண்டு.

தசைச் சிதைவு 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துல இருக்கற 21 வகையில ஒண்ணு. ஆட்சியர் அலுவலகத்துல மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலர்கிட்ட போய் அடையாள அட்டை போடுங்க. தசைச் சிதைவுக்கு மாதா மாதம் பராமரிப்பு உதவித்தொகை இருக்கு, அதுக்கும் சேர்த்தே மனு கொடுத்துடுங்க.


பர்கூர் பார்மசி | இரவு 10:20

இதோட இன்னொண்ணு. மத்திய அரசோட அபூர்வ நோய்க் கொள்கை 2021-ல டூஷென் நோயும் பட்டியல்ல இருக்கு. குறிப்பிட்ட சிறப்பு மையங்கள் வழியா 50 லட்சம் வரைக்கும் உதவிக்கு வழி உண்டு. நமக்குக் கிட்ட பெங்களூர்ல மனித மரபியல் மையமும் இந்திரா காந்தி குழந்தைகள் மருத்துவமனையும் சேர்ந்த மையம் இருக்கு. எந்த மருந்துக்குக் கொடுப்பாங்கங்கறது அங்க குழு முடிவு பண்றது, 25 கோடி மருந்துக்கு 50 லட்சம் எட்டாது. ஆனா அங்க பதிவாகியிருந்தா, சோதனைக்கு ஆள் எடுக்கறப்ப உங்க பையனோட எக்ஸான் எண் அவங்க கையில இருக்கும்.


நல்லம்பள்ளி மாமன் | இரவு 10:40

அட்டைக்கு வியாழக்கிழமை போறோம். பெங்களூர் போறப்ப என்னென்ன எடுத்துட்டுப் போகணும்?


இண்டூர் பொண்ணு | இரவு 11:05

மரபணு ரிப்போர்ட் அசல், அதோட ரெண்டு நகல். தசை எவ்வளவு சேதமாகுதுன்னு காட்டற சி.பி.கே. ரத்த முடிவுகள் பழசிலிருந்து எல்லாம். எக்கோ எடுத்திருந்தா அது. தங்கச்சியும் கூட வரட்டும், அவங்க ரத்தத்தையும் அன்னிக்கே எடுத்துடுவாங்க. பையன் தரையிலிருந்து எழுந்திருக்கறதை இப்பவே போன்ல ஒரு வீடியோ எடுத்து தேதி போட்டு வையுங்க, எத்தனை நொடி ஆகுதுன்னு தெரியற மாதிரி. டாக்டர்கள் அதைத்தான் முதல்ல கேப்பாங்க, சோதனையில சேர்க்கறவங்களும் அதைத்தான் அளப்பாங்க. நான் ஊர்ல இல்ல, பெங்களூர்லதான் இருக்கேன். அன்னிக்கு மையத்துக்கே வந்துடறேன் மாமா.